மோடம் மேல் பழி போடலாமா?

கேள்வி: புது 56கே மோடம் வாங்கினேன். இணையப் பக்கங்கள் திறக்கின்றன. பெரிய ஃபைலை டவுன்லோடு செய்தால் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். பக்கம் திறக்கச் சில விநாடி போதும். 5 எம்பி ஃபைலுக்கோ, நல்ல லைனிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் இணைப்பு அறாமல் இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த அறையில் யாராவது அதே லைனிலுள்ள போனின் ரிசீவரை எடுத்தால் போச்சு! கால் வெயிட்டிங் இருந்தால், அத்தை நலம் விசாரிக்க அழைத்தாலே ஃபைல் காலி. அப்போது லைனில் வரும் 'பீப்' ஒலி இணைப்பை அறுத்துவிடும். கால் வெயிட்டிங்கை நிறுத்திவைத்து, எக்ஸ்டென்ஷன் போனைக் கழற்றிவிட்டு, சுவர் சாக்கெட்டிலிருந்து நேராக மோடத்துக்கு வயர் கொடுங்கள். போனில் கரகரப்பு கேட்டால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். கெட்ரைட் போன்ற மென்பொருள் இருந்தால், சர்வர் இடம் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இத்தனைக்கும் பிறகு அறுந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.