அரைக் கிலோ துரோகம்

எங்கள் வீட்டில் ஒரு துரோகி இருக்கிறார். என் மனைவிதான். பகலில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். 18 வருட சர்வீஸ். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் சமையலறையில் முட்டை அடிக்கிறார். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பிறந்தநாள் கேக் செய்து விற்கிறார். கம்பெனி கண்டுபிடித்துவிட்டது. மெமோ வந்திருக்கிறது. 'நிறுவனத்தின் நலனுக்கு முரணாகப் பிறிதொரு தொழிலில் ஈடுபட்டது ஏன்?'

கண்டுபிடிக்க சிபிஐ வரவில்லை. மேனேஜர் மகள் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் போனது இங்கிருந்துதான். ஆபீஸில் மாதாமாதம் கூடி நின்று கைதட்டி வெட்டுகிற கேக்கும் இங்கிருந்துதான். 'நம்ம பொண்ணுதானே' என்று கிலோவுக்கு 200 ரூபாய் குறைத்துக்கொள்வார்கள். மார்ச் 8 அன்று மேடையேற்றி, 'சிங்கப்பெண்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஏப்ரலில் மெமோ. அந்தப் பொன்னாடை இப்போது ஓவனில் தூசி படாமல் மூடிக் கிடக்கிறது. அதற்காவது உதவியது.

நிறுவனத்தின் நலன் எங்கே கெட்டது என்று நானும் தேடிப் பார்த்தேன். அது பம்பு விற்கிற கம்பெனி. எங்கள் கேக்கில் பம்பு கிடையாது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் ராத்திரி பத்து வரை உட்கார வைப்பார்கள். ஓவர்டைம் கிடையாது. ஒரு பொட்டலம் சுண்டல்கூடக் கிடையாது. அதற்குப் பெயர் அர்ப்பணிப்பாம். அதே பத்து மணிக்கு வீட்டில் மைதா சலித்தால் நலன் கெட்டுவிடுகிறது.

இந்த ஞானம் மேலேயிருந்து இறங்கியது. 2022 ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலை பார்ப்பது ஏமாற்று என்றார். அடுத்த மாதம் 300 பேரை வீட்டுக்கு அனுப்பியதாகச் சொன்னார். அவர்கள் போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பார்த்தவர்களாம். சரி, அது வேறு வழக்கு. ஆனால் ஊரிலுள்ள எச்.ஆர்.கள் எல்லாம் 'ஏமாற்று' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டிக்கொண்டார்கள். சொல் பம்பு கம்பெனி வரை வந்து சேர்ந்துவிட்டது.

யாரும் வெட்டி ஒட்டாத வரி ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 165. ஒரே ஆள் 20 கம்பெனிகளில் இயக்குநராக இருக்கலாம். அதில் 10 வரை பப்ளிக் கம்பெனிகளாகவும் இருக்கலாம். வந்து உட்கார்ந்ததற்கே கூட்டத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுக்க விதி அனுமதிக்கிறது. இருபது நாற்காலியில் உட்காருகிறவருக்குப் 'பழுத்த அனுபவம்' என்று பட்டம். என் மனைவிக்கு ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. மெமோ.

உழைப்பு போதவில்லை என்ற கவலையும் மேலே இருப்பவர்களுடையதுதான். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியனின் பேச்சு வெளியே வந்தது. அதில் ஏலம் 90-க்கு ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்றும் கேட்டிருந்தார். ஐயா, என் மனைவி ஆபீஸில் 48, அடுப்படியில் 25. உங்கள் 70-ஐ என்றைக்கோ தாண்டியாகிவிட்டது. முகத்தைப் பற்றிக் கேட்டீர்களே, ஞாயிறன்று அதில் மைதாதான் தெரிகிறது. தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ். மே தினம் வருடத்துக்கு ஒன்றுதான். அதுதான் பயம்.

ஒரு யூடியூப் பையன் மைக்கோடு வந்தான். 'பேக்கிங் மேல எப்படி மேம் இவ்ளோ பேஷன்?' 'ஸ்கூல் ஃபீஸ் தம்பி' என்றார் இவர். அந்த இடத்தை வெட்டிவிட்டுப் போட்டிருந்தான்.

ஒரு கிலோ 900 ரூபாய்க்குப் போனால் கையில் நிற்பது 350. வெண்ணெய், கிரீம், சாக்லேட், அட்டைப்பெட்டி எல்லாம் வரியோடு வாங்குவது. ஜிஎஸ்டி பதிவுக்கு வருடத்துக்கு 40 லட்சம் விற்க வேண்டும், எங்களுக்கு அது ஏழு ஜென்மக் கணக்கு. பதிவு இல்லாததால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தபோது அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். தெருமுனை பிரவுசிங் சென்டர்க்காரர் வாங்கியது 1,500. கண்விழிப்புக்கு இவர் கூலி போடுவதில்லை. போட்டால் நஷ்டம் என்று தெரியும். அக்கவுண்ட்ஸ் ஆள் அல்லவா.

வரி என்றதும் கோவை ஞாபகம் வருகிறது. 2024 செப்டம்பரில் அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் நிதியமைச்சரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், கம்ப்யூட்டரே திணறுகிறது என்று. அரங்கமே சிரித்தது. அப்புறம் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கும் பேஸ்ட்ரிக்கும் வரி 5 சதவீதம். 18-லிருந்து 13 திரும்பி வந்துவிட்டது. அந்த மன்னிப்பு மட்டும் திரும்பவில்லை.

நேற்று ராத்திரி 11.20. ஸ்பாஞ்ச் எழும்பி, மேலே நிறம் பிடிக்கிற நேரம். கரண்ட் போனது. டார்ச் அடித்துக் கண்ணாடி வழியே பார்த்தோம். நடுவில் மெல்லக் குழி விழுந்தது. மூன்று கிலோ கேக். பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் வந்ததும் மறுபடி முட்டையை உடைத்தார். காலையில் கொடுத்தாக வேண்டும். கம்பெனியின் ஆண்டுவிழா ஆர்டர். அட்மின் ஆள் போனில் சொன்னது: 'பில் வேண்டாம்மா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க.' மெமோவுக்குப் பதில் தர வேண்டிய கடைசி நாளும் இன்றைக்குத்தான்.

நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். கோன் பிடித்துக் குனிந்து நின்றார். மேலே எழுத வேண்டிய வாசகத்தை எச்.ஆர். அனுப்பியிருந்தது: 'நாம் ஒரே குடும்பம்'.

'குடு' வரை வந்துவிட்டது. மீதிக்கு இடமில்லை.