மூளைக்குள் ஒரு பந்தி

கேள்வி: மனக்கணக்குப் போடும்போது மூளைக்குக் கூடுதல் ரத்தம் பாய்கிறதாமே! எந்த இடத்துக்கு வேண்டும் என்று ரத்தக்குழாய்க்கு யார் சொல்வது?

பதில்: உழைக்கிற நரம்பு செல்லே கேட்டு வாங்கிக்கொள்கிறது! கூச்சப்பட அதற்கு நேரமில்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை இழுத்துக்கொள்ளும். சேமிப்போ மிகச் சொற்பம்.

19-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஆஞ்சலோ மோசோ, மண்டையோட்டில் துளை விழுந்த நோயாளிகளின் மூளைத் துடிப்பைப் பதிவு செய்தார். கணக்கு கொடுத்ததும் துடிப்பு எகிறியது. (கணக்கென்றால் துடித்துப்போவது பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல!) 1890-இல் ராய், ஷெரிங்டன் என்ற ஆய்வாளர்கள், வேலை செய்யும் மூளையில் கழிவாக உண்டாகும் வேதிப்பொருள்களே குழாய்களை விரிக்கின்றன என்றார்கள். பெரும்பாலும் சரியான ஊகம். ஆனால் செல்கள் கழிவு சேரும்வரை காத்திருப்பதில்லை என்பதைப் பிறகு கண்டோம். நரம்பு செல்களுக்கிடையே சேதி கடத்தும் குளூட்டமேட் சுரந்ததுமே சில நரம்பு செல்கள் நைட்ரிக் ஆக்சைடை அனுப்புகின்றன. பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களும் குழாயைத் தம் பாதங்களால் பற்றியபடி சேதி சொல்கின்றன. குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது. ஓரிரு நொடிகளில் ரத்தம் வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சங்கதி. இலை காலியாகும் முன்பே சாதத்தை வாளியோடு சாய்க்கும் பந்திக்காரர்போல, செலவாகும் ஆக்சிஜனைவிட மிக அதிகமாகவே ரத்தம் வந்து சேர்கிறது! 1986-இல் ஃபாக்ஸ், ரெய்க்ல் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அந்த உபரியால் ரத்தத்தின் காந்தத் தன்மை மாறுகிறது. ஜப்பானியரான செய்ஜி ஒகாவா 1990-இல் கண்டறிந்த அந்த அடையாளத்தை வைத்துத்தான், இன்று எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்கிறோம்.