சமநிலை கெட்ட அணி குறித்து ஒரு புகார்

அனுப்புநர்: சமநிலையில் அசையாத நம்பிக்கை கொண்ட ரசிகன்

பெறுநர்: தேர்வாளர்கள், தென்னாப்பிரிக்க தேசிய ரக்பி அணி

பொருள்: கணக்கு வழக்கின்றி அணி சேர்த்ததோடு நில்லாமல், அதைக் கொண்டே கோப்பையையும் வென்று பொதுமக்களுக்கு மன உளைச்சல் உண்டாக்கியது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயன்மீர்,

ரக்பியில் களமிறங்குவது 15 பேர். முட்டி மோதிப் பந்தைப் பிடுங்கும் ஃபார்வர்டுகள் 8, அதை வாங்கிக்கொண்டு ஓடும் பேக்குகள் 7. வெளியே காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் 8 பேரில் ஃபார்வர்ட் 5, பேக் 3 என்பது நாகரிக உலகம் ஏற்றுக்கொண்ட பங்கீடு. 2019 உலகக் கோப்பையில் அதை 6-2 ஆக்கினீர்கள். முட்டுகிறவர்கள் சீக்கிரம் களைப்பார்கள், பாதி ஆட்டத்துக்குப் பிறகு புதிய உடம்புகள் வேண்டும் என்றீர்கள். சரி போகட்டும் என்று இருந்துவிட்டோம். இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை 32-12 என்று சாய்த்தீர்கள். அன்றே கண்டித்திருந்தால் 2023 வந்திருக்காது.

2023 உலகக் கோப்பைக்காகப் பிரான்ஸுக்கு 33 பேரைக் கூட்டிப் போனீர்கள். அதில் ஃபார்வர்டுகளிடமிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் மட்டும் நால்வர்: டி க்ளெர்க், ஹென்ட்ரிக்ஸ, ரைனாக், வில்லியம்ஸ். ஆட்டத்தை நடத்த வேண்டிய ஃப்ளை-ஹாஃபோ மானி லிபோக் ஒருவர்தான். ஊறுகாய் நாலு விதம் வைத்துவிட்டுச் சோற்றை ஒரு கரண்டி போட்ட விருந்தை அன்றுதான் பார்த்தோம். காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த இன்னொரு ஃப்ளை-ஹாஃப் ஹான்ட்ரே பொல்லார்டை விட்டுவிட்டீர்கள். கேட்டால், டேமியன் வில்லம்ஸ ஃபுல்பேக்காகவும் ஆடுவார், சென்டராகவும் ஆடுவார், தேவைப்பட்டால் ஃப்ளை-ஹாஃபாகவும் ஆடுவார் என்றீர்கள். ஒருவரை மூன்று கட்டத்தில் எழுதினால் பட்டியலுக்கு என்ன மரியாதை? ருமேனியாவுக்கு எதிராக நாலு ஸ்க்ரம்-ஹாஃபையும் ஒரே 23இல் சேர்த்து, அதில் ஒருவரை விங்கில் ஓடவும் விட்டீர்கள். 76-0. இதெல்லாம் எதிரணியைப் பழிக்கும் செயலா, எங்களைப் பழிக்கும் செயலா?

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஹூக்கர் விவகாரம். இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்பவர் அவர். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கு ஆபத்து. ஆகவேதான் மாற்று ஆட்டக்காரர்களில் முன்வரிசைக்குத் தேறியவர்கள் இருந்தாக வேண்டும் என்று விதியே உண்டு. உங்களிடம் முழுநேர ஹூக்கர் இருவர். அவர்களில் மால்கம் மார்க்ஸ் பயிற்சியில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஹூக்கர் போனால் ஹூக்கரை அழைப்பதுதானே முறை? நீங்கள் பொல்லார்டை அழைத்தீர்கள்! மீசைக்காரர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அயர்லாந்துக்கு எதிராக 7-1 என்று இறங்கினீர்கள். கோல் உதைகள் குறி தவறி 13-8 என்று தோற்றீர்கள். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நிம்மதி நீடிக்க நீங்கள் விடவில்லை. காலிறுதியில் பிரான்ஸை 29-28. அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, அதுவும் கடைசி நிமிடங்களில் பொல்லார்ட் உதைத்த பெனால்டியில். இறுதிப் போட்டிக்கு மறுபடியும் 7-1. இத்தனை நாள் நாலு ஸ்க்ரம்-ஹாஃபைச் சோறு போட்டு வைத்திருந்தவர்கள், அன்று வெளியே ஒரு ஸ்க்ரம்-ஹாஃபைக்கூட உட்கார வைக்கவில்லை. மாற்று பேக் என்று இருந்தவர் வில்லி லெ ரூ ஒருவரே. டி க்ளெர்க்குக்குக் கால் பிசகியிருந்தால் என்று இன்னும் கனவில் கேட்கிறேன். ஆனால் பிசகியது வேறு இடத்தில். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஹூக்கர் ம்போனாம்பி காயத்தோடு வெளியேற, 37 வயது டியோன் ஃபௌரி உள்ளே போனார். ஹூக்கர் வேலை அவருக்குப் பழைய தொழில்தான். ஆனாலும் அப்போது அவர் ஆடிவந்தது ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபிளாங்கராக. பக்கக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன்-அவுட்டில் அவர் எறிந்த பந்துகள் சில வழிதவறின. மீதி ஆட்டம் முழுவதும் தாக்குப்பிடித்தார். நியூஸிலாந்து 11, நீங்கள் 12. அந்தப் பன்னிரண்டும் பொல்லார்ட் உதைத்தவை. ஹூக்கருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர், ஐயன்மீர்!

சமநிலைக்கு உங்கள் நாட்டிலேயே ஓர் உன்னத மரபு இருந்தது. 1891இல் முதல் டெஸ்ட் ஆடினீர்கள். 1981இல் எரால் டோபயாஸ் களமிறங்கும்வரை 90 ஆண்டுகள், நாட்டின் பெரும்பான்மையான வெள்ளையரல்லாத மக்களிடையே தகுதியான ஓர் ஆளைக்கூட உங்கள் முன்னோர் காணவில்லை. ஆனால் கணக்கில் குறையுண்டா? ஃபார்வர்ட் 8, பேக் 7, அப்பழுக்கில்லை. 2018இல் கறுப்பினத்தவரான சியா கொலீசி கேப்டன் ஆனபோதுதான் சிலருக்கு அணியின் சமநிலை பற்றிய கவலை திடீரென்று பிறந்தது. அவர் இரண்டு உலகக் கோப்பைகளைத் தூக்கிக் காட்டினார். கவலைப்பட்டவர்கள் இப்போது மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டுமே, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்களால் தொற்றும் பரவிவிட்டது. 2025 மார்ச்சில் பிரான்ஸ் டப்ளினுக்கு 7-1 என்று போனது. முதல் பாதியிலேயே அவர்களுடைய கேப்டன் துப்போன் காயமடைந்தார். நானும் எழுந்து உட்கார்ந்தேன். 42-27 என்று பிரான்ஸ் வென்றது. இனி உலகத் தேர்வாளர்கள் எதைச் சொல்லித் தப்பிப்பார்கள்? தோற்றாலும் அணி சமநிலையாகத்தானே இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசல் இருந்தது. எதிரணி எப்படி ஆடும், யார் எந்த நிமிடத்தில் களைப்பார், யாரால் இரண்டு இடம் தாங்க முடியும் என்றெல்லாம் யோசித்துப் பெயர் எழுதி, தோற்றால் பழியையும் தலையில் ஏற்றுக்கொள்ளும் கெட்ட வழக்கத்தை நீங்கள் தொடங்கிவைத்திருக்கிறீர்கள். கமிட்டி என்பதை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பதே மறந்துவிடும்.

ஆகவே, அடுத்த உலகக் கோப்பைக்கு 5-3 என்று கௌரவமாக இறங்கி, முடிந்தால் காலிறுதியில் பண்போடு தோற்று, எங்கள் மனஅமைதியை மீட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமநிலை ரசிகன்

இணைப்பு: நான் தேர்ந்தெடுத்த 33 பேர் கொண்ட அணி. எல்லா இடத்துக்கும் சரியாக இரண்டிரண்டு பேர். மிஞ்சும் மூவர் முன்வரிசைக்கு. இதுவரை ஒரு போட்டியிலும் தோற்றதில்லை. ஆடியதும் இல்லை.