சைக்கிளுக்கும் சாலையில் பங்கு உண்டு

கே: இன்றைக்கும் சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: வேண்டாம், ஐயா. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண், இன்சூரன்ஸ் எதுவும் கேட்கமாட்டார்கள். உங்கள் தலைமுறை உள்ளாட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டியது. விளக்கில்லாமல் வந்தால் போலீஸ் பிடித்தது. வில்லை போகட்டும், விளக்கு போயிருக்கக் கூடாது. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. கொடுத்த காசுக்கு இருட்டில் உயிரைக் காக்கும்.

கே: எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியட்டும் என்று மகள் ராங் சைடில் பள்ளிக்குப் போகிறாள். சரிதானே? (ஒரு தாய், கும்பகோணம்)

ப: நடந்து போனால் சரி. சைக்கிளில் அது ஆபத்து, அம்மா. அவள் 15 கிலோமீட்டர் வேகம், எதிரே வரும் பைக் 40 என்றால் இருவரும் 55-இல் நெருங்குகிறார்கள். ஒரே திசையில் போனால் அது 25தான். இன்னொன்று: சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடப்பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். உங்கள் மகள் வருவதோ அவருக்கு இடப்பக்கத்திலிருந்து. இன்றே பேசுங்கள்.

கே: நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் இடம் கிடைத்தால் நுழையலாமா? (கல்லூரி மாணவர், சென்னை)

ப: கூடவே கூடாது, தம்பி. ஆள் இறங்குவார், இல்லாவிட்டால் பஸ் இடப்பக்கம் திரும்பும். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த மூலை டிரைவர் கண்ணில் படாது.

கே: நடைபாதையில் ஓட்டினால் என்ன தப்பு? (மதுரை)

ப: இறங்கித் தள்ளினால் நீங்கள் பாதசாரி; ஏறி மிதித்தால் வண்டி. கைத்தடி ஊன்றி வரும் பெரியவரால் சட்டென்று ஒதுங்க முடியாது. ஆனால் லாரிக்குப் பயந்து ஏறுகிறவரை எனக்குத் திட்ட மனம் வரவில்லை. சைக்கிளுக்குத் தடம் போடாத ஊர்கள் மீதுதான் கோபம். நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அங்கே பைக்கை ஏற்றுகிறவர்களைத் தடுத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

கே: பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (சேலம்)

ப: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், எடை 60 கிலோவுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். கடைக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், சோதனைச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள்.

கே: சைக்கிளில் வந்த என் அண்ணனைக் கார் இடித்துவிட்டுப் பறந்துவிட்டது. நம்பர் தெரியவில்லை. வழி உண்டா? (விழுப்புரம்)

ப: உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். முதலில் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்து நகல் வாங்குங்கள். மருத்துவமனைச் சீட்டுகளோடு கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பின்னால் வண்டி பிடிபட்டால், அதன் இன்சூரன்ஸிலிருந்து முழு இழப்பீடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.