பறை காயுற வரைக்கும்

வாடா பேராண்டி. காதுல ரெண்டு வெள்ளைக் கொட்டையைச் சொருகிக்கினு சாமைக் கொல்லையில நிக்கிறியே, குருவி விரட்டவா, குருவிக்குப் பாட்டுப் போடவா? கழட்டு. எனக்குத்தான் காது மந்தம், உனக்கென்னா வந்துச்சு?

அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு சென்னையில பாடுறாராம், போலாமா வேணாமான்னு ரெண்டு நாளா மொணமொணக்கிற. "எல்லாப் பாட்டும் போன்ல இருக்குது தாத்தா, எதுக்குக் காசு?"ங்குற. நல்ல கேள்விதான். உனக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பவே கேட்டிருந்தா எங்களுக்கு பஸ்சுக் காசு மிச்சம். போட்டோதான் போன்லயே இருந்துச்சே!

போன் பாட்டு மோசம்னு சொல்லல. அறிவோட 'தெருக்குரல்' ஆல்பம் 2019ல வந்தது. இன்னைக்குத் தட்டினாலும் அதே சூட்டோட பாடுது. பாடினவருக்கு இருமல் வந்தாலும் பாட்டுக்கு வராது. ஆனா நம்ம ஜவ்வாது மலைக் காவலூர்ல 2.34 மீட்டர் கண்ணாடி வெச்சு நட்சத்திரம் பார்க்குறாங்களே, அந்தக் கதைதான் இதுவும். கண்ணுல படுறது எப்பவோ கிளம்பின வெளிச்சம். நட்சத்திரம் இப்போ எப்படி இருக்குதோ! பாடினவரும் அதுக்கப்புறம் எவ்வளவோ பார்த்துட்டாரு. அதே வரியை இன்னைக்கு எப்படிச் சொல்றாருன்னு உன் போனுக்குத் தெரியாது.

பிளேட்டுப் பாட்டு வந்த காலத்துலயே இந்தக் கூத்து உண்டு. 1902ல கல்கத்தாவுல கௌஹர் ஜான் அம்மா பாடினப்ப, தட்டுல மூணு நிமிஷத்துக்குத்தான் இடம். நேரம் போறது தெரியாம விரிக்கிற ராகத்தைச் சுருட்டிக் குடுத்துட்டு, கடைசியில தன் பேரையும் சொல்லிட்டுப் போனாங்க. பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கலாம்டா. படுக்கணும்னா விரிச்சுத்தானே ஆகணும்?

விரிச்ச பாய் எப்படி இருக்கும்னு கேளு. 2018 ஜனவரி 6ல, சென்னை கீழ்ப்பாக்கத்துல 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவை மேடையேறுச்சு. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித் சேர்த்துவிட்ட பாட்டுக் கூட்டம். டென்மா இசை, அறிவும் அதுல ஒருத்தர். கானா, ராப்பு, பறை எல்லாம் ஒரே மேடையில.

பறைன்னா தீயில காய்ச்சணும். நம்ம மலைப் பனிக்குத் தோல் தொங்கிடும். சருகைக் கொளுத்தி, வட்டமா வாட்டி, விரலால தட்டிப் பார்ப்பாங்க. 'தொப்'புன்னா இன்னும் வாட்டு. 'டங்'குன்னா எடு. அதுவரைக்கும் கூட்டம் பீடி பத்தவைக்கும், பங்காளிச் சண்டை பேசும். ஆனா ஒரு காதைத் தீப்பக்கமே வெச்சிருக்கும். தோல் காயுறதுக்குள்ள கூட்டமும் காஞ்சு முறுகிடும். முதல் அடி அப்புறம்தான். பதிவுல இந்த நேரத்தை வெட்டிடுறான். தோலை வாட்டிட்டான், உன்னை வாட்டல.

போனா வாயைப் பார்த்துக்கினு நிக்காத. அந்த வேகத்துல மூச்சை எங்க வாங்குறாருன்னு பாரு. பதிவுல மூச்சை வெட்டி எறிஞ்சிடலாம், மேடையில முடியுமா? வரி மறந்து நின்னா சிரிக்காத, நீ எடுத்துக் குடு. போனைத் தூக்கிப் பிடிக்காத. பொண்ணு எதிர்லயே நிக்கும்போது எவனாவது போட்டோவைப் பார்ப்பானா?

காசு போச்சுன்னும் நினைக்காத. அறிவும் பாடி 2021ல வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கான தடவை பார்த்தாங்க. அதுல ஒரு ரூபாகூடக் கைக்கு வரலன்னு இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024ல சொன்னாரு. சும்மா பார்த்தா உலை கொதிக்காதுடா. சினிமா முதலாளி பின்னால இல்லாம தானே எழுதித் தானே பாடுறவங்களுக்கு, நீ வாங்குற டிக்கெட்டு ஒரு பிடி அரிசி.

போய்ட்டு வா. ஆங், இன்னொண்ணு. அன்னைக்கு உன் போனை என் காதுல வெச்சியே, எனக்குக் கொசு பாடின மாதிரிதான் இருந்துச்சு. போன மாசம் திருவிழாவுல பறை அடிச்சப்ப, காதைக் கேக்காமலே நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. அதனால டிக்கெட்டை ரெண்டாப் போடு. பாட்டி கேட்டா, காது வைத்தியத்துக்குத் தாத்தாவைக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லிடு. பொய்யா என்னா?