அம்மாவின் தார் றோட்டு

“டாரட் வாங்கப் போறன்” என்று வீட்டில் சொன்ன அன்று அம்மாவின் முகத்தில் வந்த சந்தோசத்தை, நான் சாதாரண தரம் பாஸ் பண்ணின அன்றுகூடப் பார்க்கவில்லை. “எப்பயாம் துவங்குறாங்கள்? எங்கட ஒழுங்கை முழுக்கவோ, முன்பக்கம் மட்டுமோ?” என்று கேட்டா. அவவின் காதில் விழுந்தது தார் றோட்டு. மாரி மழைக்கு எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை விட வள்ளம் உத்தமம் என்பதால் அவவைப் பிழை சொல்ல முடியாது.

றோட்டு இல்லை, எதிர்காலம் சொல்கிற காட்ஸ் என்று விளக்கினேன்.

“காட்ஸோ?” என்றா. “கொப்பரும் உப்பிடித்தான் துவங்கினவர்.”

விசயம் இதுதான். செட்டிகுளம் சந்திப் பக்கம் எனக்கொரு சின்னக் கொமினிக்கேஷன் இருக்கிறது. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், றீலோட், கணினிச் சாதகம். பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் அடித்தால் மெசின் இருபத்திச் சொச்சம் பக்கம் துப்பும். நிறப் பிறின்ற் என்றால் செவ்வாய் சிவப்பாகவே வரும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தோசம் கொஞ்சம் குறைவாகத் தெரியும் என்று ஒரு கலியாணத் தரகர் எப்போதும் கறுப்பு வெள்ளைதான் கேட்பார். இப்படி நவக்கிரகங்களை வைத்துக் கடை ஓடிக்கொண்டிருந்தபோது, வளாகத்தில் படிக்கிற பிள்ளையொன்று அசைன்மென்ற் பிறின்ற் எடுக்க வந்து, “அங்கிள், டாரட் பாப்பீங்களா?” என்று கேட்டது. இல்லை என்ற சொல் வியாபாரி வாயில் வராது. “அடுத்த கிழமை வாங்கோ பிள்ளை” என்றேன். அங்கிள் என்றது உறைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஸ்காபரோவில் இருக்கிற அக்காவின் மகளுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு. வட்சப்பில் கேட்டேன். வந்த பதில் முழுக்கச் சட்டதிட்டம். முதல் கட்டைத் தன் காசில் தானே வாங்கக்கூடாதாம், யாராவது பரிசாகத் தர வேண்டுமாம். பட்டுத்துணியில் சுற்றி வைக்க வேண்டுமாம். வந்த முதல் இரவு தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்க வேண்டுமாம். “ஆனா மாமா, உதெல்லாம் சும்மா கதை, நீங்களே வாங்கலாம்” என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். கடைசி வரியை மனிசி வாசிக்கவில்லை. பட்டுத்துணி என்ற இடத்திலேயே, “என்ர கூறையில கை வச்சால் தெரியும்” என்று சொல்லிவிட்டு அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளிநாட்டிலிருந்து பரிசு வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் கொண்டு வருவது சொக்லேற், சவர்க்காரம், தைலம். போன முறை மச்சான் எனக்கென்று ஒரு குளிர்ச்சட்டை கொண்டுவந்தார். தொப்பி வைத்தது, உள்ளே பஞ்சு. மார்கழியில்கூட விசிறி போட்டுப் படுக்கிற ஊரில் அது ஆணியில் தொங்குகிறது, உள்ளே ஆள் இல்லாத மருமகப்பிள்ளை மாதிரி. ஆகவே சட்டத்தையும் மீறாமல் காலத்தையும் கடத்தாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் காசை மனிசியிடம் கொடுத்து, அவள் பெயரில் கொழும்புக்கு ஓடர் போட்டு, எனக்குப் பரிசாகத் தரச்சொன்னேன். “பரிசெண்டா மிச்சக்காசு திருப்பிக் கேக்கிறேல்ல” என்றாள். கேட்கவில்லை.

எந்தக் கட்டு என்பதுதான் பெரிய பாடு. மருமகள் நாற்பது கட்டுகளின் படம் அனுப்பினாள். பூனை போட்டது, பறவைநாகம் போட்டது, முழுக்கக் கறுப்பில் பொன்கோடு மட்டும் ஓடுவது. சேலைக்கடையில் உதறிப்போட்ட இருபதாவது சேலைக்குப் பிறகு முதல் சேலை எது என்றே மறந்துபோகுமே, அந்த நிலை. கட்டுக்கு 78 சீட்டு. 22 பெரிய சீட்டுகள்: முட்டாள், மந்திரவாதி, சக்கரவர்த்தி, மரணம், சாத்தான், சூரியன், உலகம் என்று பெரிய இடத்து ஆட்கள். மிச்சம் 56 சீட்டும் கோல், கிண்ணம், வாள், காசு என்று நாலு சாதி.

இந்த 56இல்தான் புதியவனுக்குக் கண்ணி. பழைய பிரெஞ்சு மார்செய் கட்டில் ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணத்தைக் கீறிவிட்டு விட்டுவிடுவார்கள். எவர்சில்வர் கடைக் கலண்டர் மாதிரி. அதைப் பார்த்து ஒருத்தருக்கு என்ன சொல்வது, சம்பந்தி வீட்டார் ஐந்து பேர் தேத்தண்ணி குடிக்க வருகிறார்கள் என்றா? தோத் என்று இன்னொன்று. அலைஸ்ரர் குரோலி சொல்லச்சொல்ல ஃபிரீடா ஹாரிஸ் என்ற சீமாட்டி 1938இலிருந்து 1943 வரை இருந்து வரைந்தது. கட்டாக அச்சேறியது 1969இல், அதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படங்கள் அழகு. ஆனால் ஒவ்வொரு சீட்டும் உயர்தரக் கணக்குப் பேப்பர் மாதிரி என்னைப் பார்த்து முறைத்தது.

கடைசியில் எல்லாரும் போகிற வழியிலேயே போனேன். 1909இல் லண்டனில் வந்த ரைடர் வெயிட் கட்டு. அதில் 56 சின்னச் சீட்டுக்கும் கதை கீறியிருக்கிறது. ரைடர் பதிப்பகத்தின் பெயர், வெயிட் யோசனை சொன்னவர். படங்களைக் கீறியவர் பாமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கிடைத்தது சொற்பக் கூலி. 1951இல் கோர்ன்வாலில் கடனோடு செத்துப்போனா. பெட்டியில் நெடுங்காலம் அவவின் பெயரே இல்லை. எங்கள் ஊர்த் திறப்பு விழாக் கல்லில் அமைச்சர் பெயரும் தவிசாளர் பெயரும் இருக்கும், மேசன் பெயர் இருக்காதே, அப்படி. மூலையில் ஒரு சின்னக் கையெழுத்தை மட்டும் விடாமல் போட்டுவைத்திருக்கிறா. கெட்டிக்காரி.

பார்சல் வந்தது. பெட்டி மினுமினுப்பு. கொப்பி எடுக்கிற கடதாசியை விடச் சீட்டுகள் கொஞ்சம்தான் தடிப்பு. விளக்கப் புத்தகம் இல்லை, அதற்குப் பதிலாகப் போனால் பிடிக்கச்சொல்லி ஒரு சதுரக் கட்டம். பிடித்தேன், அந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. எண்ணிப் பார்த்தேன். 78. கணக்குச் சரி என்று நெஞ்சு ஆறியது. பிறகு ஒவ்வொன்றாகப் பரப்பினால் முட்டாள் இரண்டு பேர், உலகம் இல்லை.

அனுப்பிய கடைக்குப் போன் எடுத்தேன். “எழுபத்தெட்டு இருக்கெல்லோ?” என்றார்கள். இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் எண்ணிப் பார்த்து ஏமாறாமல் பரப்பிப் பாருங்கள்.

அன்றிரவு கலைத்துப் பழகினேன். எனக்குக் காட்ஸ் கலைக்கத் தெரியாமல் இல்லை. முந்நூற்றிநாலு விளையாடுகிற வீட்டில் பிறந்தவன். ஆனால் அதற்கு 32 சீட்டு. இது 78, அதிலும் ஒவ்வொன்றும் உள்ளங்கையை விட நீளம். பாதியில் கை விரிந்து, சக்கரவர்த்தி போட்டோக் கொப்பி மெசினுக்குக் கீழே போனார். சாத்தான் தேத்தண்ணிக் கோப்பைக்குள். கலைக்கிறது என்றால் எங்கள் ஊரில் துரத்துகிறது என்றும் அர்த்தம். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நடந்தது.

மேசைக்குக் கீழே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் முன்பு அனுப்பிய ஒரு துண்டுச் செய்தி பிடிபட்டது. இந்தச் சீட்டுகள் சாத்திரத்துக்கு வந்தவையே இல்லை. 1400களின் நடுவில் வட இத்தாலியில் பிரபுக்கள் வீட்டில் ஆடிய காட்ஸ். அந்தப் பெரிய சீட்டுகளில் முட்டாளை விட்டால் மிச்சம் 21உம் மற்றவற்றை வெட்டுகிற சீட்டுகள், பெயர் திரியோன்ஃபி. அந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போய், ஒல்லாந்தர் வாயில் துரூஃப் ஆகி, தமிழுக்கு வந்து துருப்பாகி, எங்கள் ஊரில் துரும்பாகிவிட்டது. அப்பா “துரும்பு என்ன?” என்று பந்தலுக்குக் கீழே இருந்து கத்திய ஒவ்வொரு முறையும் இத்தாலிப் பிரபுவின் சொல்லைத்தான் கத்தியிருக்கிறார். முந்நூறு வருசத்துக்கு மேல் வெறும் விளையாட்டாக இருந்ததை, 1781இல் பாரிஸில் கூர் த ஜெப்லன் என்ற பாதிரியார் ஒருவர் பார்த்து, இது எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று எழுதிவிட்டார். அப்போது எகிப்தின் எழுத்தை வாசிக்க உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆகவே மறுக்கவும் ஆளில்லை. இப்படி ஒரு மனிதர் கிடைத்திருந்தால் முந்நூற்றிநாலும் இன்றைக்குப் பெரிய சாத்திரமாகியிருக்கும். யாக் வந்தால் மாப்பிள்ளை, ஒன்பது வந்தால் காணி.

மறுநாள் அம்மா கடைக்கு வந்து பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு சீட்டுகளைக் கேட்டா.

“கிளி எங்க?”

கிளி இல்லையம்மா, பார்க்க வாற ஆளே எடுக்கிறது என்றேன்.

“அவையே எடுத்தா அது கள்ளமெல்லோ?”

இதற்கு வெயிட் துரையிடமும் பதில் இருந்திருக்காது. அம்மாவுக்குச் சாத்திரச் சீட்டு என்றால் 1990தான். சண்டை துவங்கி மன்னார்க் கரையால் வள்ளமேறி ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்த காலம். எனக்கு ஆறு வயது. முகாமுக்கு வெளியே ஒரு கிளிச் சாத்திரக்காரர் இருப்பார். கூட்டைத் திறந்தால் கிளி நடந்து வந்து, அடுக்கிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டு, ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுத்து, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானாகவே கூட்டுக்குள் போய்விடும். எங்களுக்கு முருகன் வந்தார், மயிலோடு. “மூணு மாசத்துல ஊர் போய்ச் சேருவீங்கம்மா” என்றார் அவர். நாங்கள் வந்து சேர்ந்தது 1994இல். அம்மா அதைக் கிளியின் பிழையாக எடுக்கவில்லை. “அது முருகனைத்தானே எடுத்தது, மாசத்தைச் சொன்னது அந்தாள்” என்பா.

கிளிக்கு வந்த சோதனையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் நேரம் கடலூரில் ஒரு கிளி, வேட்பாளர் தங்கர் பச்சான் வெல்வார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது. வீடியோ பரவியதும் வனத்துறை வந்து சாத்திரக்காரரைக் கூட்டிப்போய் எச்சரித்து விட்டது, கிளிகளையும் கொண்டுபோனது. தேர்தலில் தங்கர் பச்சான் தோற்றார். தன் அடுத்த கிழமையைக்கூடக் கிளி பார்த்துவைக்கவில்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினா. பத்துக் கோலைக் கட்டிச் சுமந்து குனிந்து நடக்கிறவனைப் பார்த்து, “விறகுக்குப் போனவன், சைக்கிளில கட்டத் தெரியேல்ல” என்றா. தலைகீழாகத் தொங்குகிறவனைப் பார்த்து, “உவனை இறக்கி விடச் சொல்லு” என்றா. எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிற மரணச் சீட்டைப் பார்க்க நெஞ்சிடிக்குமோ என்று பயந்தேன். “குதிரை நல்ல குதிரை” என்றா.

பிறகு ஒரு சீட்டில் நின்றுவிட்டா. வாள் ஆறு. ஒரு வள்ளம். பின்னால் ஒருத்தன் தாங்குகிறான், முன்னால் முக்காடு போட்ட பெண்ணொருத்தி முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு பிள்ளை. வள்ளத்தில் ஆறு வாள் குத்தி நிற்கிறது. போட்டோக் கொப்பி மெசின் ஒரு முழு அசைன்மென்ற்றை அடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

“எங்களை ஒரு பைக்கு மேல ஏத்த விடேல்ல” என்றா. “இவள் ஆறு வாளோட போறாள்.”

சொன்ன கிழமையில் அந்த வளாகப் பிள்ளை வந்தது. நான் போனில் விளக்கம் தேடிக்கொண்டிருக்க, பிள்ளை ஒரு சீட்டை இழுத்தது. வாள் ஒன்பது: நடு இரவில் கட்டிலில் எழும்பி இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிற உருவம். நான் இன்னும் பக்கம் திறந்தபாடில்லை, கதிரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தா.

“பிள்ளை, இரவில போனை வச்சிட்டுப் படணை.”

“ஐயோ அம்மம்மா, எப்பிடித் தெரியும்?” என்றது பிள்ளை. நான் அங்கிள், அவ அம்மம்மா. காசையும் அவவின் கையில்தான் வைத்தது.

இப்போது வாரத்தில் நாலைந்து பேர் வருகிறார்கள். வாசலில் நின்று, “அம்மா நிக்கிறாவோ?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறார்கள். அம்மா நிற்காத நேரம் ஒருத்தருக்கு நான் போனைப் பார்த்து வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு ஒரு றீலோட் மட்டும் போட்டுக்கொண்டு போனார். முட்டாள் இரண்டு இருப்பதை இதுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கட்டைச் சுற்றியிருப்பது பட்டு இல்லை, அப்பாவின் பழைய சாரத்தில் கிழித்த துண்டு.

அம்மா தனக்கென்று ஒரே ஒரு முறைதான் சீட்டு எடுத்தா. கேள்வி ஒழுங்கையைப் பற்றியது. தேர் வந்தது. “வாகனம் வருதெண்டா றோட்டு வராமல் விடாது” என்று அடித்துச் சொன்னா. அது மாசியில். இப்போது கார்த்திகை மழை துவங்கிவிட்டது. ஒழுங்கை இன்னும் கிறவல்தான்.