நாலெல்லை எங்கலே?

ஏலே பேராண்டி, வா, இப்பிடி திண்ணையில உக்காரு. ஜெர்மனிக்குப் போறியாம்லா, டேட்டா சயின்ஸ் மேல்படிப்புக்கு. சந்தோசம். உங்க ஆச்சி முறுக்குக்கு மாவே அரைச்சிட்டா. நீ இன்னும் மனுவே போடலைன்னு அவகிட்ட நான் சொல்லல. முறுக்கு எனக்கும் பிடிக்கும்.

நீ அச்செடுத்து வச்சிருந்த எஸ்.ஓ.பி.யை, அதான் எதுக்குப் படிக்க வாரேன்னு யூனிவர்சிட்டிக்கு எழுதுற கடுதாசியை, படிச்சேன். முறைக்காத. நாப்பது வருசம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுனவன் நான், எழுத்துக்கூட்டி இங்கிலீசு படிப்பேன். 'சிறு வயது முதலே தரவுகளின் மீது தணியாத தாகம்'னு ஆரம்பிச்சிருக்க. உன் சிறு வயசைப் பாக்காமலா வளத்தோம்? உன் தாகமெல்லாம் பன்னீர் சோடா மேலதாம்ல இருந்துச்சு.

எந்திரம் எழுதிக் குடுத்துச்சாமே. எழுதட்டும், தப்பில்ல. நானும் ஒரே வாசகத்துல ஆயிரம் கிரயப் பத்திரம் எழுதியிருக்கேன். ஆனா சர்வே நம்பரையும் நாலெல்லையையும் கட்சிக்காரன்கிட்ட கேட்டுத்தான் எழுதுவேன். அதை விட்டுட்டு 'வளமான, அருமையான, எதிர்காலமுள்ள நிலம்'னு எழுதினா சார்பதிவாளர் மூஞ்சியில விட்டெறிவாரு. உன் கடுதாசியில நாலெல்லை எங்கலே? இதுவரைக்கும் என்ன படிச்ச, எந்த இடத்துல முட்டிக்கிட்டு நிக்க, அந்த ஊர்ல எந்தப் பாடம் அந்த முட்டுக்கட்டையை எடுக்கும், படிச்சு முடிச்சு என்ன செய்யப் போற? இதைச் சொன்னாப் போதும். மீதி எல்லாம் வழவழ கொழகொழ.

இன்னொரு கூத்தும் பார்த்தேன். மியூனிக்குக்கு எழுதின கடுதாசியில ரெண்டாம் பக்கம் மன்ஹைம் பேரு கிடக்கு. கல்யாணப் பத்திரிகையில வேற மாப்பிள்ளை பேரை அடிச்ச மாதிரி. மியூனிக்குலயே எல்.எம்.யூ. யூனிவர்சிட்டி இந்தப் படிப்பைப் புள்ளியியலோட சேர்த்து நடத்துது, பக்கத்துல டி.யூ.எம்.ல 'மேத்தமேட்டிக்ஸ் இன் டேட்டா சயின்ஸ்'னு கணக்கு முன்னால நிக்கிற படிப்பு இருக்கு. ஒரே ஊருக்குள்ளயே மண்வாகு மாறுதுங்கேன்; நீ எல்லாத்துலயும் ஒரே விதையைத் தூவுற.

ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். டைட்டானிக்ல யாரு பொழைச்சாங்கன்னு கணிச்சிருக்கியாம். கப்பல் முழுகினது 1912ல. பழகுறதுக்குன்னு குடுத்த 891 பேரு பட்டியலை வச்சுக்கிட்டு உலகத்துல இந்தப் படிப்பைத் தொட்டவன் பூராவும் அந்தக் கப்பலை நித்தம் ஒருக்கா முக்குதான். அடுத்தது '99 சதவீதம் துல்லியம்'னு ஒண்ணு. நூறு மாட்டுல ஒண்ணுக்குத்தான் சீக்குன்னா, தொழுவத்துக்குள்ள எட்டிக்கூடப் பாக்காம 'எல்லாம் சொகம்'னு சொல்லுதவனுக்கும் 99 வரும்லே. அந்த ஒரு மாட்டைப் பிடிச்சியா இல்லியா, அதை எழுது.

நீ செஞ்ச உருப்படியான வேலை ஒண்ணு உண்டு, அதைக் காகிதத்துல காணோம். மூணு வருசத்துக்கு முன்னால, கார் சாகுபடிக்கு நாத்து எப்ப பாவலாம்னு நான் கேட்டதுக்கு, பழைய பேப்பரெல்லாம் புரட்டி பாவநாசம் அணை மட்டத்தைத் தேதி வாரியா ஒரு நோட்டுல ஏத்தினியே. 143 அடி அணையில எத்தனை அடி வந்த பிறகு தண்ணி திறந்தாங்கன்னு கோடு போட்டும் காட்டின. தரவைத் தேடிப் போனது, பேப்பர் கிடைக்காத நாளைக் காலியா விட்டது, அச்சுப்பிழையைக் கண்டுபிடிச்சது, எல்லாம் அதுல இருக்கு. தாத்தாவுக்குச் செஞ்சதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, வெள்ளைக்காரன் கப்பலுக்கு ஒப்பாரி வைக்க.

சிபாரிசுக் கடுதாசி மூணு வாங்கியிருக்க, மூணும் ஒரே கையி. 'நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுதேன்'னாங்களாக்கும். பத்திரத்துக்கு ரெண்டு சாட்சி வேணும். நேர்ல பாத்தவன்தான் சாட்சி. உன்னைப் பாத்தே இராத பிரின்சிபாலை விடு. லேப்ல உன் புரோகிராம் கவுந்து நீ முழிச்சதைப் பாத்த வாத்தியாரு இருப்பாருல்லா, அவர் கால்ல விழு. அவரே அவர் வாயால எழுதட்டும்.

பேரையும் சரி பாத்துக்கோ. மார்க்‌ஷீட்டுல ஒத்தை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டுல உங்கப்பன் பேரு முழுசா இருக்கு. நமக்கு அது ஒரே ஆளு. அங்க இருக்கவனுக்கு ரெண்டு ஆளு. ரெண்டு பேரும் ஒருத்தரேன்னு இப்பவே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வை. நானே எழுதித் தாரேன், கூலி வேண்டாம்.

அரியர் ரெண்டு வச்சியே, அது வில்லங்கச் சான்றுல ஏறின மாதிரி, அழியாது. மறைக்கப் பாக்காத, காரணத்தை ஒரு வரியில சொல்லிட்டு நகரு. மார்க்கு கணக்கும் அங்க தலைகீழு. ஒண்ணுதான் உச்சி, நாலுன்னா கரை சேந்தான்னு அர்த்தம். பத்துக்கு எட்டு வாங்கியிருக்க, பாஸ் மார்க்கு அஞ்சு. நம்ம மார்க்கை அவங்க மார்க்கா மாத்துற பவேரியன் சூத்திரத்துல போட்டா 2.2. நான் கையாலயே போட்டுப் பாத்தேன். உச்சியிலிருந்து குறைஞ்சது ரெண்டு, அதை அஞ்சால வகு, மூணால பெருக்கு, ஒண்ணைக் கூட்டு. இதுக்கு ஒரு வெப்சைட்டைத் தேடிக்கிட்டு இருந்தியே.

நம்ம கிரெடிட்டு வேற, ஜெர்மன்காரனோட இ.சி.டி.எஸ். கிரெடிட்டு வேற, அவன் கணக்குல முழுநேரப் படிப்பு ஒரு வருசத்துக்கு 60. 'மேத்ஸ் மூணு'ன்னு தலைப்பு மட்டும் இருந்தா உள்ள நிகழ்தகவு இருக்கா, லீனியர் அல்ஜீப்ரா இருக்கான்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? பாடத்திட்டத்தை மணிக்கணக்கோட சேர்த்து வை. நம்ம சர்டிபிகேட்டைச் சரிபாத்துக் குடுக்குற டெல்லி ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து இல்லாம முடியாது, அது வாரக்கணக்குல இழுக்கும், முதல்ல அதுக்குப் போடு. யூனிவர்சிட்டிகளுக்காக மனுவை வாங்கிச் சரிபாக்குற யூனி-அசிஸ்ட் வழியா போனா முதல் மனுவுக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததுக்கு 30. இருபது ஊருக்கு விசிறாம அஞ்சோட நில்லு. உங்கப்பன் ரெண்டு குறுக்கம் வித்துத்தான் உன் செலவுக்குக் காசு கட்டப் போறான், அந்தப் பத்திரத்தையும் நான்தான் எழுதணும்.

போ, பரண்ல இருக்க அந்த அணை நோட்டை இறக்கிட்டு வா. எத்தனை நாள் விட்டுப்போச்சுன்னு எண்ணி, அதையும் எழுது.